இடத்தைக் காலி பண்ணு

காலை ஒன்பது மணிக்கு, உடை மாற்றும் அறையின் கோடியில் கோச்சின் உதவியாளர் கஸ் ஹால்பெர்கின் வழுக்கைத் தலை தெரிந்ததுமே, வெர்னல் டப்ஸ் ஒற்றைக் காலுறையோடு பின்வாசல் வழியாக ஓட்டம் பிடித்தான்.

"டப்ஸ்! ஒரு நிமிஷம்பா!"

ஒரு நிமிஷமாவது! இன்று வெட்டு நாள். மாலை நாலு மணிக்குள் அமெரிக்கக் கால்பந்து ஆடும் அக்ரன் அணியில் ஐம்பத்து மூன்று பேர் போக மிச்சப் பேரை வெட்டி வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும். கஸ் வந்து தோளைத் தொட்டு, "கோச் கூப்பிடறாரு, ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துட்டு வா" என்று சொன்னால் கதை முடிந்தது; வியூகங்கள் எழுதிய அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். தங்கமான மனுஷன்தான். ஆனாலும் ஆட்டக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் எமன்.

வெர்னலுக்குத் தடுப்பு வரிசையில் இது பதினோராவது வருஷம். வயது முப்பத்து நாலு. அந்த ஆட்டத்தில் அது தாத்தா வயது. பந்தோடு ஓடி வருகிறவனைக் கீழே சாய்ப்பதைத் தவிர அவனுக்கு வேறு வேலை எதுவும் தெரியாது. இன்னும் ஒரே ஒரு வருஷம் ஆடிவிட வேண்டும். நாலு மணிவரை தோளைக் கொடுக்காமல் இருந்தால் பிழைத்தான்.

முதலில் ஐஸ் தொட்டிக்குள் பதுங்கினான். கஸ் அதே தொட்டியில் சாய்ந்துகொண்டு நிதானமாகக் காபி குடித்தார். அவர் போனதும், நீலம் பாரித்த நூற்று நாற்பது கிலோவும் துவைக்கும் அறைக்குள் புகுந்தது.

"வாண்டாக்கா, காப்பாத்து! எமன் வரான்!"

துணி துவைக்கும் வாண்டா அவனை அழுக்குத் துண்டு வண்டிக்குள் தள்ளி மூடவும், கஸ் உள்ளே வரவும் சரியாக இருந்தது.

"வாண்டா, டப்ஸைப் பாத்தியா? உடனே இடத்தைக் காலி பண்ணணும்னு கோச் குதிக்கிறாரு."

"பாக்கலையே."

வண்டி தும்மியது.

"அது என்ன?"

"துண்டு. ரொம்ப அழுக்கு."

கஸ் நம்பிவிட்டார். வண்டிச் சக்கரம்தான் பாரம் தாங்காமல் முறிந்தது.

"கேட்டியாக்கா? என்னை இடத்தைக் காலி பண்ணச் சொல்றாங்க!" வெர்னலுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அழாதடா. ஆட்டத்துக்கு வர்ற குழந்தைங்களைச் சிரிக்க வைக்கிற நம்ம கரடி வேஷக்காரன் இடுப்புப் பிடிச்சு லீவு. அவன் உடுப்புக்குள்ள நுழைஞ்சுக்கோ."

"எனக்குப் பத்துமா?"

"கரடிக்கு அளவென்னடா அளவு!"

பத்தத்தான் செய்தது. ஆனால் வெளியே கால் வைத்ததும் யாரோ, "கரடி வந்தாச்சு, குழந்தைங்க காத்திட்டிருக்காங்க!" என்று கையைப் பிடித்து மைதானத்துக்கு இழுத்துப் போய்விட்டார்கள். அன்று ரசிகர்களுக்கு முன்னால் பயிற்சி ஆட்டம். வெர்னல் ஓரமாக நின்று இடுப்பை ஆட்டினான்.

மூன்றரை மணிக்குப் புதுப் பையன் கார்டெல் பந்தை இடுக்கிக்கொண்டு ஓரமாகவே பாய்ந்து வந்தான். பதினோரு வருஷப் பழக்கம் கேட்குமா? சிவபூஜையில் கரடி நுழைந்தது. பந்து ஒரு பக்கம் போக, பையன் ஒரு பக்கம் போக, கூட்டம் எழுந்து நின்று கூவியது.

கோச்சின் வாயிலிருந்த விசில் கீழே விழுந்தது. "யாருய்யா அந்தக் கரடி?"

கொஞ்ச நேரத்தில் கஸ் மைதானத்துக்குள் ஓடி வந்தார். கரடி ஓடியது. கஸ் துரத்தினார். மைதானத்தை மூன்று சுற்று சுற்றினார்கள், குழந்தைகள் கைதட்டினார்கள். நான்காவது சுற்றில் சங்கு ஊதியது. மணி நாலு!

பிழைத்தேன் என்று கரடி நின்றது. சந்தோஷம் தாங்காமல் திரும்பி, எமனையே கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு ஆடியது.

"கீழ விடுய்யா, மூச்சு முட்டுது!" என்றார் கஸ், சிரித்துக்கொண்டே. "நீ யாரோ எவரோ, உன்னை டீம்ல சேத்தாச்சு! உனக்கு இடம் வேணுமேன்னு மூணே முக்காலுக்குத்தான் அந்த டப்ஸை வெட்டினோம். பாவம், கோச் கார் நிறுத்தற இடத்துல நிக்கிற அவன் காரை எடுக்கச் சொல்லலாம்னு காலையிலேருந்து தேடறேன், ஆளையே காணோம்!"