மாரியம்மன் கோயிலிலிருந்து துரையின் நாற்காலி வரை

நேர்ந்துகொள்வது ஒருவர், நிறைவேற்றுவது இன்னொருவர் என்றால் அதில் ஏதோ அநியாயம் இருக்கிறது. என் மனைவி தனபாக்கியம் எனக்காக அம்மனிடம் வாக்குக் கொடுத்தபோது நான் குளோரோபாம் மயக்கத்தில் கிடந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்க வழியில்லை. (கேட்டிருந்தால் மொட்டையோடு முடித்துக்கொள்ளலாம் என்று பேரம் பேசியிருப்பேன்.)

அப்போது நான் இலங்கையில் ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. பெருங்குடலில் புண். ரத்தமும் சீதமுமாகப் போய் ஆள் பாதியாகிவிட்டேன். காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும்போதே பாதியில் ஓடுவேன். நான் திரும்பி வந்து மீதிப் பேரைக் கூப்பிடும்வரை அவர்கள் மலைக்குப் போகாமல் நிற்பார்கள். கடைசியில் கொழும்பு ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து, கெட்டுப்போன குடலை வெட்டியெடுத்து, மிச்சத்தைத் தைத்து அனுப்பினார்கள். பிழைத்தேன்! கஞ்சி தங்கியது, பிறகு சோறு தங்கியது. ஒருநாள் கருவாட்டுக் குழம்பும் தங்கியது, அன்றைக்கு வீட்டில் தீபாவளிதான்!

ஆனால் வயிறு விட்டதும் மூட்டு பிடித்துக்கொண்டது. முழங்கால், முழங்கை, மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாக வீங்கின. காலையில் பாயைவிட்டு எழுந்திருப்பதற்குள் அடுத்த வீட்டுக்காரர்கள் தேத்தண்ணி குடித்து முடித்திருப்பார்கள். டாக்டரிடம் போய்க் காட்டினேன். "இந்தக் குடல் நோய் வந்த சிலருக்கு மூட்டும் வீங்கும். குடலை வெட்டலாம், மூட்டையெல்லாம் வெட்ட முடியாது, பொறுத்துக்கொள்" என்றார். எனக்கு அந்த விளக்கம் போதும். தனபாக்கியத்துக்குப் போதவில்லை.

"அம்மனுக்குச் சொன்னத இன்னும் செய்யல. அதான் மூட்டப் புடிச்சி முறுக்குறா" என்றாள்.

"அப்படி என்னா சொல்லி வச்ச?"

"நீங்க பொழச்சி வந்தா கோயில மூணு சுத்து உருண்டு வருவீங்கன்னு."

"உருளவா? மொழங்கால மடக்கவே முடியலடி எனக்கு!"

"உருள எதுக்குங்க மொழங்காலு? ஒலக்க உருளலையா?"

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. நான் சும்மா இருமினால்கூட அடுப்பைவிட்டு ஓடிவந்து என் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பாள். கொழும்பு ஆஸ்பத்திரி வராந்தாவில் தாலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குப் பட்டது. அவளை அங்கிருந்து எழுப்பிக் கூட்டிவர வேண்டும். சரி, வருகிற திருவிழாவில் உருண்டுவிடுவோம் என்று துணிந்தேன்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் மலைச்சரிவை வெட்டிய ஒரு சின்னத் திட்டில் இருந்தது. தகரக் கூரை. பின்னால் மண்சுவர் மாதிரி மலை. முன்னால் இரண்டு ஆள் நீளத்துக்கு இடம், அதற்கப்பால் சரிவு, சரிவு நெடுகத் தேயிலை. நம் ஆட்கள் முசிறிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அங்கே வெயிலில் தரை கொதிக்கும், அதனால் உருளுகிறவருக்குச் சுடாமல் இருக்கக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். இங்கே ஒரு வாரமாக மழை. தரை ஏற்கெனவே சொதசொதவென்று கிடக்கிறது. அதற்காக வழக்கத்தை விட முடியுமா? குடம் குடமாக ஊற்றினார்கள்!

அதுபோக, திருவிழாவுக்குத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வருவதும் ஒரு வழக்கம். சரிவுக்குக் கீழே கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் முன்னால் நாற்காலி போட்டு, மாலை போட்டு உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஆட்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கங்காணி கோட்டும் தலைப்பாகையுமாக நின்றார்.

நான் ஈர வேட்டியோடு, வயிற்றுத் தையலைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தேன். சரிவுப் பக்கம் நான் போகாமல் தடுக்க மச்சான் வேலுச்சாமியை, அதாவது தனபாக்கியத்தின் தம்பியை, நிறுத்தியிருந்தார்கள். முதல் சுற்று பிரமாதம்! பெண்கள் குலவை போட்டார்கள். எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. இரண்டாவது சுற்றில் தப்புக்காரர்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை, அடி ஏறிக்கொண்டே போனது. சரிவுப் பக்கம் வந்தேன். தடுக்கும் கை இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்தால், மச்சானுக்கு அருள் வந்து ஆடிக்கொண்டிருக்கிறான்! (அம்மனுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா?)

காலை ஊன்றி நிறுத்தலாம் என்று பார்த்தேன். முழங்கால் மடங்கவில்லை. கையை ஊன்றினேன். முழங்கை மறுத்துவிட்டது. தனபாக்கியம் சொன்னது சரிதான், உலக்கை நன்றாகவே உருளும். கோயில் தெரிந்தது, வானம் தெரிந்தது, தேயிலை தெரிந்தது, மறுபடி வானம் தெரிந்தது. மேலேயிருந்து "கணக்கய்யா போறாரு! புடிங்கடா!" என்று ஒரு குரல். யார் பிடிப்பது? நான் அவர்களைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தேன்!

நின்றது துரையின் நாற்காலிக் காலில் மோதி. நல்லவேளை, துரை முன்கூட்டியே எழுந்து குதித்துவிட்டார். நாற்காலி மட்டும் கவிழ்ந்தது. சேறும் கொழுந்துமாகக் கிடந்த என்னைத் துரை குனிந்து பார்த்தார். பிறகு பெரிய கங்காணியிடம், "கங்காணி, இது சாமி காரியமா?" என்று கேட்டார்.

பெரிய கங்காணி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "ஆமாங்க தொரை. ரொம்பப் பெரிய சாமி காரியங்க."

துரை தொப்பியைக் கழற்றினார். தன் கழுத்து மாலையை எடுத்து எனக்குப் போட்டார். கும்பல் கைதட்டியது!

அதற்குள் தனபாக்கியம் தேயிலைச் செடிகளைப் பிளந்துகொண்டு, சேலையெல்லாம் கிழிய, அழுதபடி வந்து சேர்ந்தாள். துரை நிற்கிறாரே, கங்காணி நிற்கிறாரே என்று எதுவும் பார்க்கவில்லை. மாலையை ஒதுக்கித் துண்டை அவிழ்த்து என் வயிற்றைத் தடவினாள்.

"தையலு நிக்குது! எல்லாரும் பாருங்க, தையலு நிக்குதுங்க!"

தோட்டமே என் வயிற்றைப் பார்த்தது. வெட்கத்தில் அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அப்போதுதான் அவள் சிரித்தாள். அழுகையும் சிரிப்புமாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கொழும்புக்குப் போனதிலிருந்து நான் கேட்காத சிரிப்பு. உடம்பில் வலிக்காத இடமே இல்லாதபோதும் எனக்குச் சந்தோஷம் பொங்கியது.

மீதிச் சுற்றுக்கு என்ன செய்வது என்று கேட்டதற்குப் பூசாரி மேலேயிருந்தே தீர்ப்புச் சொன்னார்: "போதும் போதும்! மூணு சுத்துக்கு மேலயே உருண்டுட்டாரு!"

அடுத்த வருஷம் துரை தன் துரைசானியையும் அழைத்துவந்து, "கணக்கப்பிள்ளை எப்ப உருளும்?" என்று ஆவலாகக் கேட்டாராம். நான் மடுவத்தில் கொழுந்துச் சாக்குகளுக்குப் பின்னால் இருந்தேன்.

மூட்டுவலி போகவில்லை, டாக்டர் சொன்னதுதான் சரி. ஆனால் இருமினால் ஓடிவரும் அந்தப் பயம் அன்றோடு போய்விட்டது. இப்போது நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று முனகினால் போதும், "கீழ நாக்காலி போடவாங்க?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். பிள்ளைகளும் சேர்ந்துகொண்டு ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்குவார்கள். அவள் சிரிப்பாள், அதே சிரிப்பு. அதைக் கேட்பதற்காகவே, வலி இல்லாத நாளிலும் கொஞ்சம் முனகி வைக்கிறேன்.