பாரப்படுகிறவர்

எந்தச் சபைக்குப் போனாலும் சில வகை மனிதர்களை நீங்கள் பார்க்கலாம். எல்லோரும் மூன்றாவது வரியில் இருக்கும்போது நான்காவது வரியைப் பாடி முடித்துவிட்டுச் சுற்றிலும் பார்க்கிறவர், பிரசங்கம் தொடங்கியதும் ஆழ்ந்து தியானித்து லேசாகக் குறட்டை விடுகிறவர், ஆராதனைக்கு வந்திருக்கும் செருப்புகளையெல்லாம் நோட்டமிட்டு யார் வரவில்லை என்று சொல்லிவிடுகிறவர். இவர்கள் சாதாரண ரகம். இன்று நான் சொல்லவந்தது இவர்களுக்கெல்லாம் மேலான ஓர் இனத்தைப் பற்றி. அவருக்குப் பெயர் பாரப்படுகிறவர்.

சபைப் பேச்சு பழகாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பாரம் என்றால் மூட்டை என்று நினைத்துவிடாதீர்கள். மூட்டை தூக்குகிறவருக்கு வருவது முதுகுவலி. பாரம் என்பது நெஞ்சுக்குள் வருவது. எங்கோ யாரோ படுகிற கஷ்டத்தை நினைத்து நெஞ்சு கனத்து, கண் கலங்கி, குரல் தழுதழுத்து, அதைப் பத்துப் பேர் முன்னால் ஜெபத்தில் இறக்கி வைத்துவிட்டால் அதுதான் பாரப்படுதல். இறக்கி வைத்த பிறகு கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இதைவிட வசதியான சுமை உலகத்தில் வேறு உண்டா?

எங்கள் சபையில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி, தோழமைக் குழுவின் செயலாளர். வார நாட்களில் அவர் காப்பீட்டு அலுவலகத்தில் உதவி மேலாளர். அங்கே அவர் கையெழுத்திடும் கடிதங்கள் எல்லாம் ‘வருந்துகிறோம்’ என்றுதான் தொடங்கும். அந்தப் பழக்கமோ என்னவோ, வருந்துவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பஞ்சம் என்றால் வருந்துவார், வெள்ளம் என்றால் வருந்துவார், தூரதேசத்தில் சுரங்கம் இடிந்தது என்று செய்தி வந்தால் அவர் கையிலிருக்கும் டீ ஆறிவிடும். வேறு டீ கொண்டுவரச் சொல்வார்.

இந்த வருடம் தோழமை ஞாயிறு, அதாவது ஏழைகளை நினைத்துக்கொள்ளும் சிறப்பு ஆராதனை, அவர் பொறுப்பு. போன வருடம் வரை அதற்கு ‘ஏழைகளுக்காக நாம்’ என்று தலைப்பு. அதில் மேலே உட்கார்ந்து கீழே பார்க்கிற தொனி இருக்கிறது என்று ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஆட்சேபித்தார். நான்காம் வேற்றுமையை விட்டுவிட்டு மூன்றாம் வேற்றுமைக்கு வந்துவிட வேண்டும், ‘ஏழைகளோடு’ என்று போட்டால் நாமும் அவர்களும் சமம் என்றார். டாக்டரம்மாவுக்கு ‘ஏழை’ என்ற சொல்லே உறுத்தியது; ‘எளியோர்’ என்றால் கேட்க இதமாக இருக்குமே? இளைஞர் சங்கம் ‘விளிம்புநிலை மக்கள்’ என்றது. எதன் விளிம்பு என்று பொருளாளர் கேட்டுவிட்டு, தான் கைவைத்திருந்த மேசையின் விளிம்பை ஒருமுறை பார்த்துக்கொண்டார். கூட்டம் மேல் கூட்டமாகப் போட்டு, பிஸ்கட் பொட்டலங்கள் காலியாகி, கடைசியில் ‘ஏழைகளோடு நாம்’ என்று முடிவாயிற்று. ஒரு வேற்றுமை உருபு மாறியதில் பாதி வறுமை ஒழிந்துவிட்ட திருப்தியோடு எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

அப்புறம்தான் சிக்கல் வந்தது. ஏழைகளோடு என்று போட்டுவிட்டால் ஓர் ஏழையாவது வர வேண்டாமா? மேடையேறி ஐந்து நிமிடம் தன் கஷ்டத்தைச் சொல்ல ஓர் ஆள் தேடி அலைந்தார் செயலாளர். ஆலயத்தைக் கூட்டுகிற அம்மாவிடம் முதலில் போனார்.

“நான் ஏழைன்னு யாரு சொன்னது? என் மகனுக்கு வேலை கிடைச்சிருக்கு, சம்பந்தம் பேசிட்டு இருக்கோம். நீங்க மைக்குல சொல்லிக் கெடுத்துடாதீங்க சார்.”

அடுத்தது வாடகை வண்டிக்காரர்.

“ஞாயித்துக்கிழமைதான் சார் எனக்குச் சவாரி. அதை விட்டுட்டு ஏழைன்னு வந்து நின்னா, நெசமாவே ஏழையாயிடுவேன்.”

இப்படியே எல்லோரும் கைவிரித்தார்கள். ஊரில் ஏழைகளுக்குப் பஞ்சம் என்று செயலாளர் குழுவில் அறிக்கை கொடுத்தபோது டாக்டரம்மாதான் வழி சொன்னார்.

“ஒரு காலி நாற்காலி போடுவோமே. அவங்களுக்கு அடையாளமா.”

அடடா! குழுவே உருகிப்போய்விட்டது. யோசித்துப் பாருங்கள்: காலி நாற்காலி சம்பந்தம் பேசாது, சவாரிக்குப் போகாது, மைக்கைப் பிடித்தால் விடாமல் பேசாது. ஆனால் எந்த நாற்காலி? குஷன் நாற்காலி ஏழ்மையைப் பொய்யாக்கும், பிளாஸ்டிக் நாற்காலி ஏழ்மையைக் கேவலப்படுத்தும் என்று விவாதம் நடந்தது. போதகர் வீட்டுச் சமையலறையிலிருந்து ஒரு மர நாற்காலி வந்தது. ஒரு கால் சற்றுக் குட்டை, தொட்டால் ஆடியது. “இதுதான்” என்றார் செயலாளர். குரல் தழுதழுத்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் கண்ணாடி முன் நின்று வரவேற்புரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். ‘தோள் கொடுப்போம்’ என்னும் இடத்தில் எந்தத் தோளைத் தட்டிக்கொள்வது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது அக்கா வந்தாள். கூடப் பிறந்த அக்கா. இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில் குடியிருக்கிறாள். புருஷன் போய்ச் சேர்ந்தபின், ஒரு பைண்டிங் கடையில் தாள் மடித்துப் புத்தகம் தைக்கிற வேலை. ஒரே மகள் கைக்குழந்தையோடு தூரத்தில் இருக்கிறாள். அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. கொஞ்ச நாளாக விரலால் தடவித்தான் தைத்தாள். தையல் கோணிப்போகவே, கண்ணைச் சரிபண்ணிக்கொண்டு வா, இல்லாவிட்டால் வராதே என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

“திங்கக்கிழமை ஆபரேஷன்டா தம்பி. கூட ஒரு ஆள் இல்லாம சேர்த்துக்க மாட்டாங்களாம். நீ வர்றியா?”

“திங்கக்கிழமையா? அன்னிக்கு எங்களுக்கு மதிப்பீட்டுக் கூட்டம்க்கா. தோழமை ஞாயிறு எப்படி நடந்துச்சுன்னு அலசணும். அதுக்குன்னே லீவு போட்டிருக்கேன்.”

“தேதி தவறினா மறுபடி மாசக்கணக்குல ஆகும்னு சொல்றாங்கடா. அதுவரைக்கும் கடைக்காரர் இடத்தை வச்சிருப்பாரா?”

“எனக்குப் புரியுதுக்கா. ரொம்பப் பாரமா இருக்கு. ராத்திரி உனக்காகத் தனியா ஜெபிக்கிறேன்.”

“ஜெபி, வேண்டாம்னு சொல்லல. ஆனா ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட ஆண்டவர் வர மாட்டாருடா.”

அவர் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, “நானாச்சும் போகட்டுமாங்க?” என்றாள். “நீ போயிட்டா கூட்டத்துக்கு யாரு டீ போடுவா?” என்றார் செயலாளர். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டே படியிறங்கிப் போனாள். அவர் மறுபடி கண்ணாடியைப் பார்த்து, தட்டிக்கொள்ள இடது தோள்தான் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிரம்பியிருந்தது. நிரம்பியிருந்தது என்றால் பின்னாலிருந்து நிரம்பியிருந்தது. முன்வரிசைக்கு வர எங்களில் யாருக்குத்தான் தைரியம்? மேடைக்குக் கீழே, நடுநாயகமாக, அந்த மர நாற்காலி. செயலாளர் கையில் மைக்கோடு எழுந்து நின்று இடது தோளைத் தட்டப் போகிற நேரத்தில் அக்கா உள்ளே வந்தாள். தெரு முழுக்கத் தடவித் தடவி நடந்துவந்ததில் தாமதம். பின்பெஞ்சுகளில் இடமில்லை. நிழலுருவங்களை விலக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்துகொண்டே இருந்தாள். கைக்கு ஒரு நாற்காலி தட்டுப்பட்டது. அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டாள்.

செயலாளருக்கு வியர்த்துவிட்டது. குனிந்து, ரகசியமாக, மைக் கையில் இருப்பதை மறந்து பேசினார்.

“அக்கா, எந்திரி.”

“ஏன்டா?”

“அது ஏழைக்கு வச்ச நாற்காலி.”

“ஏழை எங்க?”

“வர மாட்டாங்க. அது அடையாளம்.”

“வராதவங்களுக்கு எதுக்குடா நாற்காலி? வந்தா எந்திரிச்சிக்கிறேன்.”

நான்கு ஒலிபெருக்கிகளிலும் இது கணீரென்று கேட்டது. தமிழாசிரியர் இருமினார். போதகருக்கு ஒன்றும் புரியவில்லை. இது குழு ஏற்பாடு செய்த நிகழ்ச்சி என்று நினைத்துக் கைகளை உயர்த்திவிட்டார்.

“இந்த நாற்காலியைக் கர்த்தர் நிரப்பிட்டார்! சொல்லுங்க சகோதரி, உங்க தேவை என்ன?”

அக்கா மைக்கை வாங்கிக்கொண்டாள். பதறவில்லை, அழவில்லை.

“நாளைக்கு எனக்குக் கண் ஆபரேஷன். கூட ஒரு ஆள் வந்தாத்தான் செய்வாங்களாம். காலையில போனா சாயங்காலம் திரும்பிடலாம். பார்வை இல்லன்னா வேலை போயிடும். யாராவது ஒருத்தர் வந்தாப் போதும்.”

தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

இதே விஷயத்தை அவள் பஸ் நிறுத்தத்தில் சொல்லியிருந்தால் முன்பின் தெரியாத யாரோ ஒருத்தி, “நான் வரேம்மா” என்று சொல்லியிருப்பாள். ஆனால் நாங்கள் பயிற்சி பெற்றவர்கள். “ஜெபிப்போம்” என்றார் போதகர். சபை முழுவதும் ஒரே நொடியில் கண்ணை மூடிக்கொண்டது. இதை எழுதுகிறவனும் மூடிக்கொண்டான். நன்றாக இறுக்கி.

ஜெபிக்கும் பொறுப்பு வழக்கம்போல் செயலாளருக்கு வந்தது. கண்ணை மூடியதும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. அக்காவின் கண்ணில் தொடங்கி, பார்வையற்றோர் அனைவருக்கும் போய், விதவைகளைத் தொட்டு, ஆஸ்பத்திரிகள் வழியாக அரசாங்கங்களுக்கு ஞானம் கேட்டுவிட்டு மறுபடி அக்காவிடம் வந்தபோது அவர் கன்னத்தில் நிஜமாகவே கண்ணீர் வழிந்தது. பொய்யென்று சொல்ல மாட்டேன். பாரப்படுகிறவரின் கண்ணீர் எப்போதும் நிஜம்தான்.

“இந்தச் சகோதரிக்காக ஒருவரை எழுப்பும் ஆண்டவரே! உமக்குச் சித்தமான ஒருவரை எழுப்பும்! இப்பொழுதே, இந்த இடத்திலேயே எழுப்பும்!”

ஆமென் என்றோம். கண்ணைத் திறந்தோம். பெஞ்சுகள் எங்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தன.

“யாருடா எந்திரிச்சிருக்கா?” என்றாள் அக்கா. “எனக்கு எல்லாம் மசமசன்னு இருக்கு. பார்த்துச் சொல்லு.”

செயலாளர் பார்த்தார். டாக்டரம்மா கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். தமிழாசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். போதகர்கூட ஜெபத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டிருந்தார். அத்தனை பெரிய ஆலயத்தில், அந்த நேரத்தில், நின்றுகொண்டிருந்தவர் ஒரே ஒருவர்தான்.

‘யாருமில்லக்கா’ என்று வாய்வரை வந்ததாம். அந்த மங்கின கண் தன்னையே பார்த்துக் காத்திருந்ததில் அது வெளியே வரவில்லை என்று பிற்பாடு மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

“நான்தான்க்கா நிக்கிறேன்.”

நாங்கள் கைதட்டினோம். தப்பித்தோம் என்கிற கைதட்டல். அதற்கென்று ஒரு தனிச் சத்தம் உண்டு.

திங்கட்கிழமை போனார். போகாமல் முடியுமா, சபையே பார்த்திருக்கிறதே! ஆஸ்பத்திரியில் நர்ஸ் விவரம் கேட்டாள். அக்கா வயசு என்ன? சர்க்கரை இருக்கா? எந்த மாத்திரை ஒத்துக்காது? கடைசியா எப்ப சாப்பிட்டாங்க? ஏழை விதவைகள் உலகத்தில் எத்தனை கோடி என்று கேட்டிருந்தால் மூச்சுவிடாமல் சொல்லியிருப்பார். இதற்கெல்லாம் திருதிருவென்று விழித்தார்.

“நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?”

“தம்பி.”

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். “கூடப் பிறந்த தம்பியா?”

அவருக்குக் காது சுட்டது. ஜெபத்தில் வருகிற வெட்கம் வேறு; அது இனிப்பானது. இதில் இனிப்பே இல்லை. அக்காவை உள்ளே கூட்டிக்கொண்டு போனபின் அவளுடைய பையையும் செருப்பையும் மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தார். அங்கே மைக் இல்லை, பார்க்க ஆளில்லை. செருப்பின் வாரில் ஊக்கு குத்தியிருந்ததை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஒரு கண்ணில் கட்டோடு அக்கா வெளியே வந்து, காற்றில் கையை நீட்டினாள்.

“இருக்கியாடா?”

“இருக்கேன்க்கா.”

அவர் வாழ்நாளில் நிகழ்த்திய மிகச் சிறிய உரை அதுதான். மிகச் சிறந்ததும் அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆள் திருந்திவிட்டார் என்று நான் சொல்லவில்லை. இந்த இனம் அவ்வளவு லேசில் திருந்தாது. அடுத்த ஞாயிறு சபைமுன் எழுந்து அவர் சொன்ன அனுபவ சாட்சியில் அந்த ஒரு பகல், இரவும் பகலுமாக நீண்டது. செருப்பு சிலுவையாகக் கனத்தது. மதிப்பீட்டுக் கூட்டத்தைத் தள்ளிவைத்தே தீருவது என்று தான் முன்பே தீர்மானித்திருந்ததாகவும் சேர்த்துக்கொண்டார். ஆனால் கட்டுப் பிரிக்கிற நாளிலும் அக்காவோடு போயிருக்கிறார். அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அவர் மனைவி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். சபைக்கே போகாதவராகக்கூட இருக்கலாம். ஆனாலும் கேட்டுவைக்கிறேன். அக்கா காற்றில் கையை நீட்டிய இடத்தில் உங்கள் நெஞ்சு லேசாகக் கனத்ததல்லவா? பாவம் என்று உச்சுக்கொட்டினீர்களல்லவா? அந்த நேரம் பார்த்து உள்ளறையிலிருந்து யாரோ உங்களைக் கூப்பிட்டார்கள். “இதோ, இன்னும் கொஞ்சம்தான், முடிச்சிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு நீங்கள் பக்கத்தைப் புரட்டினீர்கள்.

முடிந்துவிட்டது. எழுந்திருங்கள்.