ஸ்பெஷலிஸ்ட் சூடு தணித்த கதை

பிளக் ஒயர் மறுபடியும் உருகிவிட்டது. மெக்கானிக் அதை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார். அது பிசின் மாதிரி நீண்டு தொங்கியது.

"போன வாரம்தான் புதுசா போட்டீங்க," என்றார் மார்பிள் கடை முதலாளி. "ஞாயித்துக்கிழமை என் மச்சான் வர்றான். அவனை இதுல உக்கார வச்சு ஒரு சுத்து சுத்திக் காட்டணும். இவனுக்கெல்லாம் எதுக்கு ஸ்போர்ட்ஸ் காருன்னு கேட்டவன் அவன்."

"அதெல்லாம் ஜம்முனு போகலாம் முதலாளி. நான் இருக்கேன்ல."

நான் இருக்கேன்ல என்று சொல்லிச் சொல்லியே கெட்டுப்போன கூட்டத்தில் இவரும் ஒருவர். லாரியும் வேனும் பார்த்துப் பழகிய கை. இந்தச் சிவப்புக் கார் வேலை வந்ததுதான் தாமதம், பட்டறை வாசலில் 'ஸ்போர்ட்ஸ் கார் ஸ்பெஷலிஸ்ட்' என்று போர்டு எழுதி மாட்டிவிட்டார். பெயிண்ட் காய்வதற்குள் தெருவே அவரை ஸ்பெஷலிஸ்ட் என்று கூப்பிட ஆரம்பித்தது. மரியாதையில் அல்ல. எதிர்வரிசையில் பட்டறை வைத்திருந்த அவருடைய சகலை கிளப்பிவிட்ட பெயர் அது.

"ஸ்பெஷலிஸ்ட் கையை விரிச்சதும் வண்டியை இங்க தள்ளிட்டு வந்துடுங்க," என்று போகிறவன் வருகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான் சகலை.

வண்டி அவன் கைக்குப் போனால் போர்டை இறக்குவதோடு முடியாது. சகலை வீட்டில் இருப்பவளும் தன் வீட்டில் இருப்பவளும் அக்கா தங்கை. ஆயுசுக்கும் சோற்றோடு சேர்த்து அதையும் தின்ன வேண்டியிருக்கும்.

முதலாளி மட்டும் லேசுப்பட்டவரா? கையில் நாலு காசு புரண்டால் சிலருக்கு உட்கார்ந்த இடத்தில் அரிக்கும். அந்த அரிப்புக்கு அவர் வாங்கிய மருந்து இந்தக் கார். இரண்டே பேர் உட்காரலாம். தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். அதற்கென்று விரல் நுனி தெரியும் தோல் கையுறை, ஒரு தொப்பி. இரண்டையும் மாட்டிக்கொண்டு வீட்டுக் கார் ஷெட்டில் நிற்கும்போது, விமானத்தைத் தவறவிட்ட விமானி மாதிரி இருப்பார்.

"உங்க தெருப் பள்ளத்துல என் வண்டி வராது. நீங்கதான் வீட்டுக்கு வரணும்," என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஸ்பெஷலிஸ்ட்டும் சாமான் பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போய்வந்துகொண்டிருந்தார்.

"முதலாளி, இந்த வேகமுள்ளு, கிலோமீட்டர் எதுவும் ஓடல. அதையும் பாத்துடவா?"

"அது கிடக்கட்டும். வேகம் எனக்கு உடம்புலயே தெரியும். நீங்க சூட்டை மட்டும் பாருங்க."

ஸ்பெஷலிஸ்ட் காருக்குள் தலையை விட்டார்.

"இன்ஜின்லேர்ந்து புகை போற குழாய் இருக்குல்ல, அதுதான் பக்கத்துல இருக்கிற ஒயரைத் தின்னுது. குழாயைச் சுத்திப் பட்டி கட்டிட்டா சூடு வெளிய வராது."

"வெளிய வராம எங்க போகும்?"

"போயிடும்."

இதுதான் அவருடைய படிப்பு. புது ஒயரைப் போட்டு, கட்டுப்போட்ட கால் மாதிரி குழாயைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார்.

"நீங்களே ஒரு தடவை ஓட்டிப் பாத்துடுங்க," என்று சாவியைக் கொடுத்தார் முதலாளி.

"நீங்களும் வாங்களேன்."

"நான் பக்கத்துல உக்காந்தா உங்க கை நடுங்கும்."

ஸ்பெஷலிஸ்ட் பைபாஸ் வரைக்கும் விரட்டிவிட்டுத் திரும்பி வந்து ஒயரைத் தொட்டுக் காட்டினார். சில்லென்று இருந்தது.

"பாத்தீங்களா! ஓடற வண்டிக்குள்ள காத்து பூந்து அடிக்குது. அது பாதி, என் கைவேலை பாதி."

மறுநாள் காலையில் போன் வந்தது.

"பின்னாடி பம்பர் தொங்குதய்யா!"

போய்ப் பார்த்தால், பல் பிடுங்கியவன் உதடு மாதிரி ஒரு பக்கம் இறங்கிக் கிடந்தது பம்பர். முன்னால் அடைத்து வைத்த சூடு குழாய்க்குள்ளேயே நடந்து கடைசியில் வந்து தன் வேலையைக் காட்டியிருக்கிறது.

"என்ன முதலாளி, ரொம்ப விரட்டினீங்களோ?"

"ஒரு மணி நேரம் மிதிச்சேன். மிதின்னா சாதா மிதி இல்ல. ஒருத்தன் என்னை முந்தல."

"அதான் பாத்தேன். உங்க வேகத்துக்கு ஒரு தகடு வேணும்."

குழாயின் கடைசிக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு தகட்டை வளைத்து முடுக்கினார். மறுபடி பைபாஸ். மறுபடி எல்லாம் சில்லென்று.

மறுநாள் முதலாளி போனில் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. போய்ப் பார்த்தால், ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சாக்ஸுமாக ஷெட் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னொரு ஷூ எங்க முதலாளி?"

"உள்ள எட்டிப் பாருங்க."

ஆக்சிலரேட்டருக்குக் கீழே ஷூ தனியாக நின்றது. அடிப்பாகம் உருகிக் கால்மிதியோடு ஒட்டியிருந்தது. ஸ்பெஷலிஸ்ட் இழுத்தார். கால்மிதியும் சேர்ந்து வந்தது.

"ஆளை உயிரோட அவிக்கறதுக்குத்தான் தகடு அடிச்சீங்களா?"

"தகட்டுல பட்டுத் திரும்பின சூடு முதலாளி. தரைக்கு அடியில ஒரு போர்வை கொடுத்துட்டா..."

"போர்வையா? வண்டிக்கு என்ன குளிர் ஜுரமா?"

வெள்ளித்தாள் ஒட்டிய போர்வையைத் தரைக்கு அடியில் இழுத்துக் கட்டினார். வீட்டுக்குப் போனால் சோறு தட்டில் விழுந்த சத்தமே சரியில்லை.

"அக்கா போன் பண்ணா," என்றாள் மனைவி.

"என்னவாம்?"

"ஒண்ணும் சொல்லல. சிரிச்சா. சிரிச்சுட்டு வச்சுட்டா."

"உங்க அக்கா புருஷன் ஸ்போர்ட்ஸ் காரைக் கண்ணால பாத்திருக்கானா?"

"நீங்க பாத்துட்டுத்தானே இருக்கீங்க. அது உருகிட்டுத்தானே இருக்கு."

மறுநாள் பானெட்டில் பெயிண்ட் அப்பளமாக உப்பியிருந்தது. கீழே போக வழியில்லாத சூடு முன்பக்கம் திரும்பிவிட்டது. அறிவுள்ளவன் இந்த இடத்தில் கையைக் கழுவிக்கொண்டு போயிருப்பான். இவர் கட்டிங் மெஷினை எடுத்தார்.

"யோவ்! என்ன பண்றீங்க?"

"பானெட்டுல நாலு கீறல் போட்டா சூடு மேல போயிடும். வெளிநாட்டுல எல்லாம் இப்படித்தான்."

"எந்த வெளிநாட்டுல?"

"எல்லா வெளிநாட்டுலயும்."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். புத்தம் புதுப் பானெட், கோழி கிளறிய தோட்டம் மாதிரி ஆயிற்று. மறுநாள் அந்தக் கீறல் வழியாக ஏறிய சூட்டில் வைப்பர் ரப்பர் கண்ணாடியிலேயே வழிந்து கிடந்தது.

ஸ்பெஷலிஸ்ட்டுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. தன் கையில் பச்சைத் தண்ணீராக இருக்கும் வண்டி, முதலாளி கைக்குப் போனதும் கொள்ளியாகிறது. இந்த மனுஷன் அப்படி என்னதான் ஓட்டுகிறார்? நாமும் ஐம்பது வண்டிக்காரனைப் பார்த்திருப்போம், இப்படி ஒரு பேய் வேகக்காரனைப் பார்த்ததில்லையே என்று முதலாளிமேல் ஒரு பயபக்தியே வந்துவிட்டது. பட்டி, தகடு, போர்வை எல்லாவற்றையும் அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். வைப்பரை மாற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, பைபாஸில் இரண்டு தடவை விரட்டிப் பார்த்து, வண்டியை ஷெட் வாசலில் நிறுத்தினார். எங்கே தொட்டாலும் குளுகுளுவென்று இருந்தது.

மச்சான் வந்தார். ஆள் பருமன். காருக்குள் அவரை மடித்துத்தான் வைக்க வேண்டியிருந்தது.

"மாமா, கிளம்பலாமா?"

முதலாளி கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டினார். தொப்பியைச் சரிசெய்தார். ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பி, நின்ற இடத்திலேயே ஒரு மிதி மிதித்தார். ஷெட் தகரம் அதிர்ந்தது. இன்னொரு மிதி. மச்சான் முகத்தில் ஒரு பயம் தெரிந்தது. முதலாளிக்கு அதில் பரம திருப்தி.

பிறகு மூக்கைச் சுருக்கினார்.

"கருகற வாசம் வருதே?"

"எனக்கு வரலையே மாமா."

"உனக்கு என்ன தெரியும்? இறங்கு, இறங்கு. தீப்பிடிச்சா யாரு பொறுப்பு?" இன்ஜினை நிறுத்திவிட்டு முதல் ஆளாகக் குதித்தார்.

ஸ்பெஷலிஸ்ட் தரையில் படுத்து மோந்தார். சக்கரத்தை மோந்தார். பானெட் கீறலில் மூக்கை விட்டு மோந்தார். ஒன்றுமில்லை.

"சத்தியமா ஒண்ணும் இல்ல முதலாளி. ஒரே ஒரு தடவை தெருமுனை வரைக்கும்..."

"போதும்யா. இது உங்களால ஆகாது. நாளைக்கு உங்க சகலையை வரச் சொல்றேன்."

ஸ்பெஷலிஸ்ட் சுற்றுமுற்றும் பார்த்தார். வாசல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் கண்ணில் பட்டார். தன் வேலையில் குறையில்லை, ஓட்டுகிற வேகத்தில்தான் குறை என்று ஒருவராவது சாட்சி சொல்லட்டும் என நினைத்தார். மச்சான் காதிலும் விழட்டும் என்று உரக்கவே கேட்டார்.

"அண்ணே, நீங்களே நியாயம் சொல்லுங்க. தினமும் முதலாளி வெளிய போறப்போ எவ்வளவு வேகத்துல போவாரு? பைபாஸ் பக்கமா, மலைப்பக்கமா?"

வாட்ச்மேன் எழுந்து நின்றார். முதலாளி கண்ணைக் காட்டியதை அவர் கவனிக்கவில்லை.

"எந்தப் பக்கமும் இல்லைங்க, ஐயாவுக்குத்தான் ஓட்டத் தெரியாதே, ஷெட்டுலயே நிக்க வச்சு ஒரு மணி நேரம் மிதிச்சுட்டு இறங்கிடுவாரு, இந்தக் காருக்காக நான் கேட்டைத் திறந்ததெல்லாம் நீங்க வந்து ஓட்டிப் பாத்த அன்னிக்கெல்லாம் மட்டும்தான்."