கேப்டனுக்கு ஒரு கிறிஸ்துமஸ் கார்டு

“யோவ், மஞ்சா வெச்சுட்டேன்.”

ரகுபதி திடுக்கிட்டுத் திரும்பினார். காலையிலிருந்து குந்தியபடி அவர் வெட்டி மடித்த வெள்ளை சார்ட் அட்டையின் நான்கு மூலையிலும் மஞ்சள். பக்கத்தில் மனைவி குணசுந்தரி விரலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இது இன்னாமே, கல்யாணப் பத்திரிகையா? வெள்ளைக்காரருக்குப் போற கிறிஸ்மஸ் கார்டு!”

“எந்தக்காரரா இருந்தா இன்னா? நல்ல சேதி போற காயிதத்த மஞ்சா வெக்காம அனுப்புவாங்களா?”

இரண்டாயிரமாவது வருஷ ஐப்பசியில் ரகுபதியின் போட் இன்ஜின் நடுக்கடலில் நின்றுபோனது. மூன்று நாள் தண்ணீர்கூட இல்லை. நாலாம் நாள் ஒரு சரக்குக் கப்பல், திருவொற்றியூர் ஹைரோட்டையே தூக்கிப் போட்ட மாதிரி நீளம், அவர் ஒருத்தருக்காக நின்றது. வெள்ளைச் சட்டை கேப்டன் தன் கையால் டீயை ஊட்டினார். கும்பிடக்கூட ரகுபதிக்குக் கை எழவில்லை. அவ்வளவு பெரிய கப்பல் தனக்காக நின்றதை நினைத்தால் இப்போதும் அவருக்கு உடம்பு சிலிர்க்கும். கும்பிடாமல் வந்தது மட்டும் முள்ளாகக் குத்தும்.

இரண்டு மாசம் கழித்து, கிறிஸ்துமஸுக்கு முன்னால், அந்தக் கப்பல் இப்போது சென்னைத் துறைமுகத்தில். இன்று ராத்திரி கிளம்புகிறது. ஏஜென்ட் ஆபீஸ் கிளார்க் ஸ்டானிஸ்லாஸ் நாலு மணிக்கு வந்து கார்டை வாங்கிப்போவதாகச் சொல்லியிருந்தான். இதை விட்டால் நன்றி சொல்ல வேறு வழி கிடையாது.

ரகுபதி சோப்புத் துணியால் மஞ்சளைத் துடைத்தார். மஞ்சள் ரத்தச் சிவப்பானது.

“ஐயோ, ஆரத்தி கரைச்ச மாதிரி ஆயிடுச்சே!”

“உன்னாலதான்! இப்ப கப்பலுக்கே திருஷ்டி சுத்தி உட்டுருக்கோம்.”

சிவப்பை மறைக்க மிச்சமிருந்தது பச்சைத் தாள்தான். மூலைகளில் ஒட்டினால் ஒட்டுப்போட்ட மாதிரி இருந்தது. முழுக்க ஒட்டிவிட்டார்.

அடுத்து சர்ச். ராயபுரத்து சர்ச்சை அவர் கடலிலிருந்துதான் பார்த்திருக்கிறார். இரண்டு பக்கமும் உயரமாக இரண்டு கோபுரம் வெட்டினார். நடுவில் கூர் வெட்ட வரவில்லை. சோற்றுத் தட்டைக் கவிழ்த்து வரைந்தார், உருண்டையாக வந்தது. உச்சியில் ஈர்க்குச்சியில் ஒரு சிலுவை, அதற்குப் பக்கத்தில் ஜிகினாத் தாளில் ஒரு நட்சத்திரம். தூண்டிலுக்குப் போடும் தங்கூசி நரம்பைக் கோத்து, கார்டைத் திறந்தால் சர்ச் தானாக எழுகிற மாதிரி கட்டினார்.

ஐந்தாம் முறை திறந்து பார்த்தபோது நரம்பு சுண்டி, சிலுவை பிய்ந்து பறந்தது. உச்சியில் பொத்தல். மணி மூன்றரை.

“இன்னாமே இது, ஒரே பேஜாராப் போச்சு!”

குணசுந்தரி தரையைத் துழாவினாள். ஜிகினாத் தாளில் நட்சத்திரம் வெட்டியது போக வளைவாக ஒரு துண்டு கிடந்தது. மைதா பசையைத் தடவிப் பொத்தலில் அப்பினாள்.

“நெலா மாதிரி கீதே!”

“இருந்துட்டுப் போவட்டும். நட்சத்திரத்துக்குத் தொணை.”

எழுத்து எதுவும் இல்லை. இங்கிலீஷ் தெரிந்தால்தானே? கடைசியாக ஒருமுறை திறந்தார்கள். பச்சை நிலத்திலிருந்து கோபுரங்கள் மெல்ல எழுந்தன. உச்சியில் ஜிகினா மின்னியது. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு டில்லிபாபு கையிலிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டான்.

“எம்மாடி! தானா எந்திரிக்குதுபா!”

ரகுபதியே, இதை நம் கையா செய்தது என்று விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஸ்டானிஸ்லாஸ் அவசரமாக வந்தான். கார்டைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்கள்.

“வழில பிரிக்காத நைனா. எழுந்து நின்னுக்கும்.”

விளக்கு வைத்து வெகுநேரம் கழித்து அவன் திரும்பி வந்தான். கையில் ஒரு பேரீச்சம்பழப் பெட்டி. முகத்தில் பேயைப் பார்த்தவன் களை.

“பொத்தல் தெரிஞ்சுதாடா?” என்றார் ரகுபதி.

“பொத்தலா? கேப்டன் பிரிச்சாருண்ணே. அது எழுந்து நின்னுச்சு. அவரும் எழுந்து நின்னுட்டாரு. கப்பல் ஆளுங்க எல்லாரையும் கூப்ட்டுக் காட்னாரு. கண்ணுல தண்ணி.”

குணசுந்தரி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ரகுபதி துறைமுகம் இருந்த திசையைப் பார்த்து, அன்று எழாத இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குவித்தார்.

ஸ்டானிஸ்லாஸ் அவரையே வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லுண்ணே. தினம் கப்பலுக்குப் போற எனுக்கே அவரு துருக்கி பாயி, நோம்புல கீறாருன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. பெருநாளுக்கு மசூதி கட்டி அனுப்பணும்னு உனுக்கு எப்டிண்ணே தெரிஞ்சுது?”