நெத்தோலி நிபந்தனை

எழுத்தில் திருத்தமாக வைத்துவிட்ட எந்தக் காரியமும் கெட்டுப்போகாது என்று பதினேழு வயதுவரை நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையால் ஒரு மனிதரை ஏறக்குறையக் கொன்றும் இருக்கிறேன். அவர் என் தாய்மாமன்.

மாமா சர்க்கார் கச்சேரியில் முப்பது வருடம் எழுத்துவேலை பார்த்து ஓய்ந்தவர். வாய்ச்சொல்லை மதிக்க மாட்டார். குன்னத்துகாலில் எங்கள் வீட்டு நாய்க்குப் பெயர் வைத்தபோது அதையும் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிட்டார். (நாய் அந்தப் பெயருக்கு ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.) நானும் அந்தக் குடும்பத்துப் பெண்தான். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. ஒரு தாளைக் கொடுத்தால் கை அடங்காது.

ஒரு சித்திரை மாதக் காலையில், முற்றத்தில் கிடந்த வரிக்கச் சக்கையை, ஆளுயரத்தில் பாதி வரும் பலாப்பழத்தை, தூக்க இரண்டு பேர் வேண்டும் என்று அம்மை சொல்லிவிட்டாள். அதை மறுக்கும் பொருட்டு மாமா தனியாகத் தூக்கினார். சக்கை எழுந்தது, மாமா விழுந்தார். பல வருடமாக இடுப்புவாரால் அடக்கி வைத்திருந்த குடலிறக்கம் அன்று முறுக்கிக்கொண்டது. அப்பா திருவனந்தபுரம் போயிருந்தார். ஆகவே அம்மையும் நானும் அவரை வில்வண்டியில் கிடத்தி, பையன்களுக்கு வைத்தியம் படிப்பிக்கும் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தோம். அப்போது உச்சிப்பொழுது திரும்பியிருந்தது.

வெள்ளைக்கார டாக்டர் மாமாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பதினோரு மாணவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று, அவர் முகத்தையும் மாமாவின் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"குடல் நெரிந்திருக்கிறது, அம்மாளே. பொழுது சாயுமுன் அறுத்து விடுவிக்காவிட்டால் இந்த மனுஷன் பிழைக்க மாட்டான்" என்றார் டாக்டர். (தமிழை அவர் பிரசங்கம் கேட்டே கற்றவர். மருந்து குடிக்கச் சொன்னாலும் ஆசீர்வாதம் போலிருக்கும்.) சம்மதச் சீட்டை என்னிடம் நீட்டினார்.

மாமா என்னைச் சாடை காட்டி அழைத்தார்.

"மக்ளே, இஞ்ச வா. இவனுவ அம்புட்டு பேரும் மீன் தின்னுட்டு வந்தவனுவளாக்கும். மூக்குல அடிக்குது. மீன் தொட்ட கை என் வயித்துக்குள்ள போவப்பிடாது. எழுத்துல வை."

"அண்ணா, உயிரு போற நேரத்திலயா?" என்றாள் அம்மை.

"போற உயிரு சைவமா போவட்டு."

புத்தியுள்ள பெண்ணாயிருந்தால் எழுதியது போலப் பாவனை செய்திருப்பாள். நான் எழுதினேன். "இன்றைய தினம் மீனோ இறைச்சியோ உண்ட எவரும், அவர் எத்தகைய பதவி வகிப்பவராயினும், என் தாய்மாமனின் உடலில் கத்தி வைக்கலாகாது." அந்த 'எத்தகைய பதவி' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எழுதி முடித்ததும் மனத்துக்குள் ஒருமுறை வாசித்துச் சுவைத்தேன். அருகே மாமா முனகிக்கொண்டிருந்தார்.

டாக்டர் அதை இரண்டு முறை வாசித்தார். சிரிக்கவில்லை.

"நோயாளியின் சொல்லை மீறி நான் கத்தி எடுப்பதில்லை. நானும் மத்தியானம் மீன் புசித்தேன். உங்களில் புசிக்காதவன் யார்?"

பின்வரிசையில் ஒரு கை மெல்ல உயர்ந்தது. ஞானமுத்து, பயிற்சிக்கு வந்து நான்கு நாள் ஆனவர். டாக்டர் அவரை மாமாவிடம் அனுப்பிவிட்டுக் கைகழுவப் போனார்.

மாமா அவரை மேலும் கீழும் பார்த்தார். "எலே, நீ இதுக்கு மின்ன எத்தற பேரைக் கீறியிருக்க?"

"ஒருத்தரையும் இல்ல, பெரியவரே. கீறுகதையே இண்ணைக்குக் காலம்பறதான் மொதல்ல பாத்தேன்."

"பாத்துட்டு?"

"மயங்கி விழுந்தேன். அதாக்கும் மத்தியானம் சோறு எறங்கல்ல."

மாமா கண்ணை மூடினார். வலி வந்து போயிற்று. நெற்றியில் வியர்வை அரும்பியது. கொள்கைக்கும் ஞானமுத்துவுக்கும் இடையே அவர் கிடந்த கோலம் பரிதாபமானது.

"மக்ளே," என்றார் கடைசியில், "மத்தவனுவ தின்னது என்ன மீனாக்கும்? கேட்டுட்டு வா. நெத்தோலி போல சின்னதுன்னா... அதை மீன் கூட்டத்தில சேக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல."

ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுக்கு ஓடினேன். யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. முற்றத்தில் ஒரு பெரிய சூரை மீனின் தலை கிடந்தது. அதை இழுக்கப் பார்த்துத் தோற்ற பூனை பக்கத்தில் படுத்திருந்தது. என் தாய்மாமனின் தலையைவிட அது சற்றே பெரியது. (இதை அளவில் சொல்கிறேன், குணத்தில் அல்ல.)

அதுவரை நான் பொய் சொன்னதில்லை. திரும்பி வந்து, "நெத்தோலி, மாமா" என்றேன்.

"நான் அப்பளே நெனச்சேன். போய்த் திருத்தி எழுது."

இதற்குள் அவரை அறுவை அறைக்குள் தூக்கிப் போய்விட்டார்கள். தாளும் பேனாவுமாக வாசலில் நின்றேன். டாக்டர் கழுவிய கைகளை உயர்த்திப் பிடித்திருந்தார். தாளைத் தொட முடியாது. ஞானமுத்துவின் கையில் கத்தி இருந்தது. கத்திக்குக் குளிர்காய்ச்சல் கண்டதுபோல் அது ஆடியது. ஒரு மாணவர் குளோரோபாரத் துணியை மாமாவின் மூக்கருகே கொண்டுபோனார்.

வாயால்தான் சொல்லியாக வேண்டும். 'மேற்கண்ட நிபந்தனையில் நெத்தோலியை விலக்காகக் கொள்க' என்று வாக்கியம் மனத்தில் அழகாக அமைந்தது. வாயிலிருந்து வந்தது வேறு.

"டாக்டரே, நெத்தோலி தின்னவங்க கீறலாம்."

என் குரல் அவ்வளவு பெரியது என்பதை அன்றுதான் அறிந்தேன். சூரை தின்ற பத்து மாணவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் என்னைப் பார்த்தார்.

"நெத்தோலியா?"

"நெத்தோலிதான்" என்றேன்.

"அப்படியே ஆகக்கடவது" என்று சொல்லி, ஞானமுத்துவிடமிருந்து கத்தியை வாங்கிக் கொதிநீரில் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தார். ஞானமுத்து முகம் மலர்ந்து, நிம்மதியில் மயங்கி விழுந்தார்.

இருட்டுவதற்குள் குடல் விடுபட்டது. மயக்கம் தெளிந்த மாமா முதலில் கேட்டது, "எழுத்துல திருத்தினியா?" என்றுதான். திருத்தியிருந்தேன். தேதியும் போட்டிருந்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில், கண்டும் காணாமல் விட வேண்டிய எல்லாவற்றுக்கும் நெத்தோலி என்று பெயர். நான் இலக்கியம் படிக்கத் திருவனந்தபுரம் போவதாகச் சொன்னபோது, பெண்பிள்ளை பட்டணத்தில் தனியே தங்குவதற்கு எதிராக மாமா ஒன்பது காரணங்களை எழுதி வைத்திருந்தார். அம்மை அடுக்களையிலிருந்தபடியே, "அண்ணா, அது நெத்தோலியாக்கும்" என்றாள். மாமா தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

சூரையைப் பற்றி இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. இப்போது இதை அச்சிடும் பத்திரிகை மாமாவுக்கும் தபாலில் போகிறது. விளம்பரம் உட்பட ஒரு வரி விடாமல் வாசிப்பார். கடல் பெரியது, அதோடு வைத்துப் பார்த்தால் சூரையும் சின்ன மீன்தான் என்று அவர் தீர்ப்பெழுதி அனுப்புவார் என நம்புகிறேன்.