ஜம்பு ஜெயித்த சுவர்

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று ஜம்பு முடிவு கட்டினார். மற்ற விஷயங்களில் எல்லாம் ஏற்கெனவே விட்டுக்கொடுத்தாகிவிட்டது.

டில்லி துவாரகா ஃபிளாட்டின் ஹால் சுவரில் ஓதம் ஏறி, பழைய பூச்சை உடைத்துப் புதிதாக சிமெண்ட் பூசியிருந்தார்கள். அதற்கு என்ன பெயின்ட் என்பதுதான் சண்டை. மனைவி விஜயலக்ஷ்மிக்கு மயில்கழுத்துக் கலர் வேண்டும். ஜம்புவுக்கு வெள்ளை. அதுவும் லோதி ரோடு கவர்மென்ட் குவார்ட்டர்ஸ் வெள்ளை. சாய்ந்தால் முதுகில் ஒட்டிக்கொள்ளும் சுண்ணாம்பு வெள்ளை.

அந்த நாளில் குவார்ட்டர்ஸ்வாசிகள் அத்தனை பேரும் முதுகில் ஒரு வெள்ளைத் திட்டோடுதான் ஆபீஸ் போவார்கள். முதுகைப் பார்த்தே எந்த பிளாக் என்று சொல்லிவிடலாம். கல்யாணமான புதிதில் விஜயம் வாசல்வரை வந்து அந்தத் திட்டைத் தட்டிவிடுவாள். தட்டுகிற சாக்கில் கொஞ்ச நேரம் நிற்பாள். அதை நினைத்து ஜம்பு இன்றைக்கும் முதுகைத் தடவிக்கொள்வார். ரிடையராகி இங்கே வந்தபின் எந்தச் சுவரும் ஒட்டவில்லை, யாரும் தட்டவுமில்லை.

"வெள்ளைதான், விஜயம்! இல்லேன்னா நான் லோதி கார்டன் பெஞ்சுல போய்ப் படுத்துப்பேன்!"

"ரஜாய்ப் போர்வை எடுத்துண்டு போங்கோ. டிசம்பர்."

"நான் விளையாடலை!"

"சரி, வெள்ளையே அடிச்சுடலாம்."

ஜம்பு ஆடிப்போனார். கைவசம் இன்னும் நிறைய வாதம் மிச்சமிருந்தது. எல்லாம் வீணாயிற்று.

"நெஜமாவா?"

"நெஜமாத்தான். ஆனா புதுப் பூச்சு. தண்ணி காட்டணும், காய விடணும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். எனக்கானா தோள்வலி."

"நானாச்சு!"

காலையும் மாலையும் ஸ்வெட்டரை நனைத்துக்கொண்டு சுவருக்குத் தண்ணீர் தெளித்தார். காய்ந்ததும் ஸ்டூலில் ஏறித் தேய்த்தார். இறங்கி வந்தவரை வாட்ச்மேனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு தூசி.

பெயின்டர் இஸ்மாயில் வந்தான். "பையா, முதல்லே வெள்ளை" என்று விஜயலக்ஷ்மி ஹிந்தியில் சொன்னாள். அவன் "அச்சா" என்றான். ஜம்புவின் காதில் வெள்ளை மட்டும் தேனாய் விழுந்தது.

மறுநாள் சுவரில் சாய்ந்து பார்த்தார். முதுகை விஜயத்திடம் காட்டினார்.

"ஒட்டித்தா?"

"ஒட்டித்து, ஒட்டித்து" என்று அவள் தட்டிவிட்டாள். கொஞ்ச நேரம் நின்றாள்கூட. ஜம்புவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பழைய குவார்ட்டர்ஸ் கோஷ்டி முழுவதையும் வரவழைத்தார். மெட்ரோ பிடித்து வந்தார்கள். வரிசையாகச் சாய்ந்தார்கள். அந்த நாளில் பக்கத்து பிளாக்கில் இருந்த ஸ்ரீநிவாஸ் சுவரைத் தடவிப் பெருமூச்சு விட்டார்.

"அப்படியே நம்ம வீடுடா, ஜம்பு! ஆத்துக்காரி எப்படி ஒத்துண்டா?"

"ஆம்பளைன்னா உறுதி வேணும்" என்றார் ஜம்பு.

பஜ்ஜித் தட்டோடு வந்த விஜயலக்ஷ்மி, "எல்லாரும் இன்னிக்கே நன்னா சாஞ்சுக்கோங்கோ" என்று உபசரித்தாள்.

திங்கள்கிழமை காலை இஸ்மாயில் மறுபடி வந்தான். டப்பாவைத் திறந்தான். உள்ளே பளபளவென்று மயில்கழுத்து.

"என்னடி இது? வெள்ளைன்னு ஒத்துண்டியே!"

"அடிச்சாச்சே. அது பிரைமர், அடிப்பூச்சு."

ஜம்பு விழித்தார். அவர் பார்த்த சர்க்கார் சுவர்களில் வெள்ளைக்கு மேல் எதுவும் வந்ததில்லை.

"உங்க சர்வீஸ் பூரா சர்க்கார் அடிச்ச கலர்லயே இருந்தேன். என்னை யாராவது கேட்டாளா? ஒரே ஒரு சுவர், நான் சொன்ன கலர்ல இருக்கப்படாதா?" என்றாள் விஜயம்.

ஜம்பு சுவரைத் தடவிப் பார்த்தார். ஈனஸ்வரத்தில், "இருந்தாலும், அந்த வெள்ளை எல்லாருக்கும் பிடிச்சிருந்ததே..." என்றார்.

"அது புடவைக்கு உள்பாவாடை மாதிரி. நீங்கதான் ஊரைக் கூட்டிக் காட்டினேள்!"