கரடி வாங்கிய எட்டு டிஸ்க் சர்வர்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. அதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை. அதே காட்டில், பாறைக் குகை ஒன்றில், மாசிலாமணி என்ற கரடி தன் மனைவி செங்கமலத்தோடும் இரண்டு குட்டிகளோடும் குடியிருந்தது.

குட்டிகள் தும்மினால்கூடச் செங்கமலம் வீடியோ எடுக்கும். ஒருநாள் அதன் போன் நிரம்பிவிட்டது.

"இனிமே ஒண்ணு எடுக்கணும்னா பழசுல ஒண்ணை அழிக்கணுமாம். எதை அழிக்கச் சொல்றீங்க? பெரியவனையா, சின்னவளையா?" என்று அது கேட்டது.

வீட்டிலேயே ஒரு சர்வர் வைத்து எல்லாவற்றையும் அதில் போட்டுவிடலாம் என்று கரடி முடிவு செய்தது. பக்கத்துப் புதரில் இருந்த தவசி என்ற முயலுக்கு இதெல்லாம் அத்துப்படி. அதனிடம் யோசனை கேட்டது.

"அண்ணே, படத்தைப் போட்டு வைக்கிறதுக்கும் எடுத்துப் பாக்குறதுக்கும் சின்ன பிராசஸர் போதும். சூடே ஆகாது," என்றது முயல். "டிஸ்க் ரெண்டு போடுங்க. ஒண்ணுல இருக்கிறதே இன்னொண்ணுலயும் இருக்கட்டும். ஒண்ணு செத்தாலும் ஒண்ணு நிக்கும். பெரிய ஃபேன் ஒண்ணு மெதுவா சுத்தினாப் போதும்."

"எம்மாம் பெருசு இருக்கும்?"

"பாதிப் பலாப்பழம் அளவு இருக்கும்ணே."

கரடிக்கு முகம் தொங்கிப்போனது. செங்கமலத்தின் தம்பி வீரபாகு ஆடிக்கு விருந்து வரும்போது பாதிப் பலாப்பழத்தையா காட்டுவது?

நேராக மரநாயின் கடைக்குப் போனது. ஏதோ ஒரு கம்பெனி கழித்துப்போட்ட இரும்புப் பெட்டி ஒன்று அங்கே கிடந்தது. எட்டு டிஸ்க், இரண்டு பிராசஸர், ஆறு ஃபேன். மரநாய் சுவிட்சைப் போட்டதும் தேன்கூடு கலைந்த மாதிரி இரைச்சல் கிளம்பியது. கரடிக்கு எச்சில் ஊறியது. அதன் பிறகு அது பேரம் பேசவே இல்லை.

(மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. கரடி பேசியதை நம்பியவர்கள் இதையும் நம்பத்தான் வேண்டும்.)

குகையில் காற்றோட்டம் கிடையாது. ஆறு ஃபேனும் ஒரே சூட்டுக் காற்றைத் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தன. மூன்றாம் நாளே குட்டிகள் வெளியே படுக்கப் போய்விட்டன. சித்திரை பிறந்ததும் டிஸ்க்குகளின் சூடு அறுபது டிகிரியைத் தாண்டியது. ஒரு மத்தியானம் நான்காவது டிஸ்க் பல்லை நறநறவென்று கடித்துவிட்டு நின்றுபோனது. நிறைய இடம் வேண்டுமென்று கரடி எதற்கும் நகல் வைத்திருக்கவில்லை. பெரியவன் முதன்முதலாக மரம் ஏறி விழுந்த வீடியோ அந்த டிஸ்க்கில்தான் இருந்தது.

செங்கமலம் சத்தம் போடவில்லை. "அவன் இனிமே முதல் தடவை ஏற மாட்டான்ல," என்று மட்டும் சொன்னது. இரண்டு நாள் கரடிக்கு இரை இறங்கவில்லை.

மூன்றாம் நாள் பசி தாளாமல் ஒரு கறையான் புற்றைத் தோண்டப் போனது. வெளியே மண்டை பிளக்கும் வெயில். மூக்கை வைத்தால் உள்ளிருந்து ஜில்லென்று காற்று வந்தது. கரடி நகத்தை மடக்கிக்கொண்டது.

"உள்ள யாரும்மா இருக்கீங்க?"

கறையான் ராணிக்கு இந்த மரியாதை புதிது. கரடிகள் வந்தால் உறிஞ்சும், விசாரிக்காது. "என்ன வேணும் உங்களுக்கு?" என்றது.

"இந்தக் காத்து. வீட்டுல என் சர்வர் பெட்டி சூட்டுல வெந்து சாகுது."

"கீழ ஈரம், மேல துவாரம், அவ்வளவுதான். சூடு மேல ஏறிப் போனா குளுமை தானா பின்னால வரும். உங்க பெட்டியைப் புத்து மேலயே வச்சுக்கங்க. ஆனா எங்க ஆளுங்க மேல உங்க நாக்கு படக் கூடாது."

ஒரு கரடிக்கு அது பெரிய தியாகம். செங்கமலத்தின் முகத்தை நினைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டது. பெட்டி புற்றின் தலையில் ஏறியது. சூடு முப்பத்தெட்டுக்கு இறங்கியது. செங்கமலமும் மறுபடி பேச ஆரம்பித்தது.

கறையான் புற்றெடுத்தால் அப்புறம் யார் குடிவருவார் என்று உங்களுக்குத் தெரியும். ஐயாக்கண்ணு என்ற நாகம் வந்தது. மேலே பெட்டியின் கதகதப்பு, கீழே புற்றின் இருட்டு. காற்று ஏறும் துவாரத்தில் மூன்று சுற்றாகச் சுருண்டு படுத்துக்கொண்டது. சூடு அறுபத்தைந்து.

"ஐயா, கொஞ்சம் தள்ளிப் படுக்க முடியுமா?" கரடி எட்டடி தள்ளி நின்று கேட்டது.

"எதுக்கு?"

"காத்து அடைபடுது."

"எனக்கு மூச்சு நல்லாத்தான் வருது," என்றது நாகம்.

கரடி ராணியிடம் முறையிட்டது. "பரம்பரை பரம்பரையா எங்களுக்கு இதான் நடக்குது. நாங்க புகார் குடுக்கிறதை விட்டு ரொம்ப நாளாச்சு," என்றது ராணி.

வெட்கத்தை விட்டுக் கரடி முயலிடம் போனது. 'அன்னிக்கே சொன்னேனே' என்று சொல்ல முயலுக்கு வாய் துடித்தது. கரடியின் உருவத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டது. ஒரே வாரத்தில் பாதிப் பலாப்பழத்தைச் செய்து கொடுத்தது. நாகம் இரை தேடிப் போன நேரமாகப் பார்த்து, இரண்டும் சேர்ந்து மிச்சமிருந்த வீடியோக்களை அதற்கு மாற்றின. குகை வாசலோரம் நிழலில் வைத்தன. சூடு முப்பத்திரண்டு. சத்தமே இல்லை. குட்டிகள் உள்ளே படுக்க வந்தன.

கதை இங்கேயே முடிந்திருந்தால் 'சிறுகக் கட்டிப் பெருக வாழ்' என்று எழுதிவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் ஆடி வந்தது. வீரபாகுவும் வந்தது.

நிறுத்தினால் நாகம் கோபித்துக்கொள்ளுமே என்று பழைய பெட்டியைக் கரடி வெறுமனே ஓடவிட்டிருந்தது. வீரபாகு போய்ப் பார்த்தது. ஆறு ஃபேன்களின் இரைச்சல். அடியில் படமெடுத்த நாகம். விருந்தாளி பத்தடி பின்வாங்கியது.

"மச்சான், காவலுக்கா?"

கரடி செங்கமலத்தைப் பார்த்தது. செங்கமலம் எதிரே இருந்த மரத்தைப் பார்த்தது.

"ஆமா மாப்ள," என்றது கரடி. "சும்மா வைக்க முடியுமா? உள்ள இருக்கிறது அப்படி."

செய்தி காடெங்கும் பரவியது. யானை தன் கல்யாண வீடியோவைக் கொண்டுவந்தது. மான் தன் மேய்ச்சல் நிலப் பத்திரத்தைக் கொண்டுவந்தது. எல்லாம் நாகத்தைத் தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டு, கரடியின் முன்னால் தேனும் இலுப்பைப் பூவும் வைத்துவிட்டுப் போயின. அவை தலை மறைந்ததும் கரடி எல்லாவற்றையும் சின்னப் பெட்டியில் போட்டது.

முயலும் ஒரு பலகை மாட்டிப் பார்த்தது: 'இங்கே சத்தமில்லாத, சூடாகாத சர்வர் செய்து தரப்படும்.' ஒரு காட்டெருமை மட்டும் வந்து எட்டிப் பார்த்தது.

"ஓடுதா இது?"

"ஓடுதுங்க."

"ஓடுற மாதிரி தெரியலையே," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

இப்போதெல்லாம் தவசி முயல் தினமும் காலையில் தனக்குத் தோதான ஒரு பாம்பைத் தேடி அலைகிறது. சைவமாக இருந்தால் நல்லது என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறது.

நீதி: காற்று வரும் வழியில் பாம்பு படுத்துக்கொண்டால் அடிக்காதே, கெஞ்சாதே, 'பாதுகாப்பு வசதி' என்று எழுதி மாட்டு.